கல்லுக்கு ஒரு ஏ, காலுக்கு ரெண்டு ஏ

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு எஸ்டிடி பூத் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் அது பிரவுசிங் சென்டர் ஆகிவிட்டது. பூத்துக்காரர் கண்ணாடிக் கூண்டுகளைக் கழற்றிவிட்டு மூன்று கம்ப்யூட்டர்களை வைத்தார். நடுவில் பிளைவுட் தடுப்பு. ஒவ்வொரு தடுப்புக்கும் பூப்போட்ட திரைச்சீலை. உள்ளே யார் என்ன பார்க்கிறார்கள் என்பது வெளியே தெரியக்கூடாது என்பதில் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தொழில் தெளிவு இருந்தது.

போர்டில்தான் தெளிவு இல்லை. முதலில் 'இன்டர்நெட்' என்று எழுத வைத்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு மூன்று சுழி போட வேண்டும் என்றார். 'இண்டர்நெட்' ஆயிற்று. அப்புறம் ஒரு கல்லூரிப் பெண் சிரித்துக்கொண்டே போனாள் என்பதற்காக 'இண்டெர்னெட்' ஆயிற்று. பெயின்டர் அலுத்துப்போய், சந்தின் இந்தப் பக்கம் பார்த்த பலகையில் ஒரு மாதிரியும் அந்தப் பக்கம் பார்த்த பலகையில் இன்னொரு மாதிரியும் எழுதிவிட்டுப் போய்விட்டார். அதனால் ஒன்றும் குடி முழுகவில்லை. ஊரே 'நெட்டு' என்றுதான் சொன்னது.

எங்கப்பாவுக்கு அதுவும் ஒப்பவில்லை. அவர் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பேனர் பிடித்த கை.

"ஏனுங்க, நெட்டுங்கறீங்களே, போல்ட்டுக்குப் போடற நட்டுங்களா?" என்று முதல் நாளே கேட்டார்.

"அது வேற நட்டுங்க, இது வேற நெட்டுங்க" என்றார் பூத்துக்காரர். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

அப்பா அங்கே போனதற்குக் காரணம் என் அண்ணன். இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி குழம்பி நின்றுபோகும் என்று அமெரிக்காக்காரர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். அதைச் சரிசெய்ய ஆள் போதாமல் அண்ணனையும் கூட்டிப்போனார்கள். கழன்ற சைக்கிள் செயினை மாட்டத் தெரியாமல் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு வருகிறவன் அவன். அமெரிக்காவின் நிலைமை அவ்வளவு மோசமாக இருந்தது.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டு அக்கா வீட்டுக்கு எப்போதாவது கூப்பிடுவான். அம்மா ஓடிப்போய் ரிசீவரை எடுத்து "சாமி, சாப்பிட்டியா?" என்று கேட்பதற்குள் பாதி நேரம் போய்விடும். அதனால் ஈமெயில் போடச் சொல்லி அப்பாவுக்கு ஒரு முகவரி உண்டாக்கிக் கொடுத்திருந்தான்.

நான் அப்போது ஒரு பம்ப்செட் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். எங்கள் ஆபீசிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மேனேஜர் அதற்குத் துணி உறை தைத்துப் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தார். நெட் இல்லை. ஆனாலும் எழுத்து அடிக்கத் தெரிந்தவள் என்ற முறையில் அப்பாவிடம் "நான் வந்து அடிச்சுக் குடுக்கறேனுங்கப்பா" என்றேன்.

"அப்பன் மகனுக்கு எழுதறதுல நடுவுல ஆளு எதுக்கு அம்மணி?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். பூத்துக்காரர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க, ஒற்றை விரலால், ரிவெட் அடிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். முகவரியின் நடுவில் வரும் சுழித்த குறிக்கு 'வாலு சுத்துன ஏ' என்று பெயர் வைத்தார். கொஞ்ச நாளில் பூத்துக்காரரே எல்லோரிடமும் "வாலு ஏ போடுங்க, வாலு ஏ போடுங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மெயிலை என்ன செய்வது என்பதிலும் ஆளுக்கு ஒரு வினைச்சொல் இருந்தது. அண்ணன் 'மெயில் பண்ணினேன்' என்பான். அப்பா கடுதாசி போடுகிற பழக்கத்தில் 'மெயில் போட்டேன்' என்பார். பூத்துக்காரருக்கு 'மெயில் அடிச்சு உட்டாச்சு.' அம்மாவுக்கு மெயில் என்றால் சென்னைக்குப் போகிற ரயில். "மெயிலு வந்துதுங்களா?" என்று அவள் வாசலில் நின்று கேட்க, எதிர்வீட்டு அக்கா, "பையன் வாராருங்களா? எத்தனை மணி மெயிலுக்கு?" என்று கேட்டது ஒரு தடவை இல்லை.

கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வராத காலம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுத வேண்டும். இங்கேதான் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சண்டை பிறந்தது.

அண்ணன் ஒழுங்குக்காரன். ழ-வுக்கு இசட், ஹெச். நெடிலுக்கு ரெண்டு ஏ. அப்பாவுக்கு ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எல். குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே ஏ. ரெண்டு எழுத்து போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டால் போதும் என்பது அவருடைய கொள்கை. மில்லில் கிரீஸைக்கூட அப்படித்தான் வைப்பாராம்.

அண்ணன் பதில் மெயிலில் மகன் மாதிரி எழுதாமல் வாத்தியார் மாதிரி திருத்தி அனுப்பினான். அப்பா எழுதிய malai vanthathu என்பதைக் குறிப்பிட்டு, 'வந்தது மழையா, மலையா, மாலையா? தயவுசெய்து இசட் ஹெச் போடுங்கள்' என்று கேட்டான்.

அப்பா அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து கத்தினார். "மலை எங்கயாவது வருமாடா? சித்த ரோசனை பண்ணிப் படிக்கறதுக்கென்ன? இசட்டாம், இசட்டு! பழத்துல எங்க அம்மணி இசட்டு இருக்குது? கடிச்சுப் பாரு, இருந்தாச் சொல்லு."

"ரெண்டு ஏ-வாவது போடலாமல்லங்கப்பா?"

"படிக்கறவனுக்கு அறிவிருந்தா நீட்டிக்குவான்."

அதோடு அண்ணன் விட்டுவிட்டான். அப்பாவின் எழுத்து அவனுக்குப் பழகியும் போயிற்று. அம்மாவுக்குச் சக்கரை உண்டு. அந்த வருஷம் இடது பாதத்தில் ஒரு புண் வந்து ஆறவே மாட்டேன் என்று இழுத்தது. அண்ணன் ஒவ்வொரு மெயிலிலும் அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பான். அப்பா ஒவ்வொரு மெயிலிலும் kal paravailai என்று பதில் எழுதுவார். அதைக் கால் என்று படித்துக்கொள்ள அண்ணனுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

புண் ஒருவழியாக ஆறுகிற சமயத்தில் அம்மாவுக்கு இடுப்புக்கு மேலே இடது பக்கம் வலி வந்தது. சாதாரண வலி இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஐயோ சாமி, ஆரோ கம்பி உட்டு முறுக்கறாங்களே" என்றாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படம் எடுத்துப் பார்த்தார்கள். இடது கிட்னியில் கல். பெரிய கல். மருந்தில் கரையாது, திறந்துதான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அண்ணனுக்கு மெயில் போடலாமுங்களா?" என்றேன்.

"இப்ப எதுக்கு? அவன் அங்க ஒக்காந்து என்ன பண்ணுவான்? முடிஞ்ச பொறகு ஒரேயடியாச் சொல்லிக்கலாம்" என்றார் அப்பா. நியாயமாகத்தான் பட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த கல்லை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு நர்ஸ் அப்பாவின் கையில் கொடுத்தார். புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரியது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரிங் குண்டு மாதிரி இருக்குது" என்றார். பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்து, குப்பியை அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நெட்டுக்குப் போய் மெயில் போட்டார். நான் அம்மாவோடு வார்டில் இருந்தேன். திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு வேலையை முடித்த திருப்தி.

"எல்லாம் வெவரமா எழுதிப்போட்டேன் அம்மணி. ஒன்னு உடாம."

மறுநாள் எதிர்வீட்டு அக்கா ஒரு தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தார். "ஏனுங், உங்க பையன் போன் பண்ணுச்சுங்க. அம்மா எங்கீன்னு கேட்டுது. ஆஸ்பத்திரியிலீங்க தம்பி, ஆபரேசன் முடிஞ்சுதாமா, நடக்கவே கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்களாமான்னேன். அவ்வளவுதானுங்க, ஓன்னு அழுதுபோட்டுது. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அப்பறம் லைன் கட்டாயிருச்சுங்க."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு உள்ளூரப் பெருமைதான். "ஊசியப் பாத்தாலே ஓடறவனாச்சே. ஆபரேசன்னதும் பயந்துட்டான்" என்றார். சாயங்காலமே மறுபடி ஒரு மெயில் போட்டுத் தைரியம் சொல்லலாம் என்று போனார். பூத்துக்காரர், "இன்னைக்கு நெட்டு டல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த நாளும் டல். அதற்கடுத்த நாள் கம்ப்யூட்டரே 'ஹேங்' ஆகிவிட்டதாம். அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து, பக்கத்துக் கட்டில்காரர் பேந்தப் பேந்த விழிப்பதைப் பார்த்து, "இவரும் ஹேங் ஆயிட்டாராட்ட இருக்குது" என்றார். சின்ன ஆஸ்பத்திரி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வார்டு. பக்கத்துக் கட்டில்காரர் விசைத்தறிக்காரர். டெம்போ இடித்துத் தொடையெலும்பு முறிந்து, காலுக்குக் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். முழிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை.

அம்மா தேறி வந்தாள். அன்று மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா உட்காருவதே ஒரு தினுசு. இடது காலை மடித்துச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, வலது காலை மட்டும் கீழே தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வார்டு வாசலில் அண்ணன் நின்றான்.

அமெரிக்காவில் இருக்க வேண்டியவன். தாடி. கசங்கிய சட்டை. தோளில் ஒரு பை. கையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், பளபளவென்று அலுமினியத்தில், கக்கத்தில் வைத்து நடக்கிற ஊன்றுகட்டை ஒரு ஜோடி.

நான் எழுந்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டிலிலிருந்து தொங்குகிற அம்மாவின் ஒற்றைக் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஊன்றுகட்டைகளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, தரையில் மண்டியிட்டு, அந்தக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். வார்டே திரும்பிப் பார்த்தது.

"சாமி! என்றா இது, சொல்லாம கொள்ளாம? வேலைய உட்டு அனுப்பிப்போட்டாங்களா?" என்றாள் அம்மா, கையில் இட்லியோடு.

"இந்த ஒத்தைக் காலை வெச்சுட்டு எப்படிங்கம்மா இருப்பீங்க…"

"எந்த ஒத்தைக் காலு?"

"நாஞ் சம்பாரிக்கறேனுங்கம்மா. செயற்கைக் கால் வாங்கிப் போட்டுர்லாம். அங்கெல்லாம் ஓட்டப்பந்தயமே ஓடறாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. அம்மா இட்லித் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலைக்குள்ளிருந்து இடது காலை எடுத்துக் கீழே ஊன்றி, கட்டில் கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். அவன் தலையைத் தடவத்தான் எழுந்தாள்.

அண்ணன் போட்ட சத்தம் இருக்கிறதே! பேயைப் பார்த்தவன்கூட அப்படிக் கத்தமாட்டான். பின்னால் சாய்ந்து விசைத்தறிக்காரரின் கட்டிலில் போய் மோதினான். தொங்கிக்கொண்டிருந்த அவர் கால் ஒரு ஆட்டம் ஆடியது. அவர் போட்ட சத்தம் தனி.

நர்ஸ் ஓடிவந்தார். டீ வாங்கப் போயிருந்த அப்பாவும் ஃபிளாஸ்கோடு வந்து சேர்ந்தார். "என்றா, எப்ப வந்தே?" என்று கேட்டவரை அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மறுபடியும் அம்மாவின் கால்களைப் பார்த்தான். இரண்டையும் தொட்டான். விரல்களைக்கூட எண்ணினான் என்று நினைக்கிறேன்.

"நீங்கதானுங்கப்பா எழுதுனீங்க, காலை எடுத்தாச்சுன்னு."

"நானா? எப்படா எழுதுனேன்?"

அண்ணன் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். மெயிலை அச்செடுத்து வைத்திருந்தான். பிளேனில் திரும்பத் திரும்பப் படித்து அழுததில் மடிப்பு கிழிந்திருந்தது. அதை அப்பாவிடம் நீட்டினான். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கினார். நான் எட்டிப் பார்த்தேன். இப்படி இருந்தது:

idathu pakam kal eduthachu. valathu pakam nalathu. ini vali ilai. nadaka kudathu endrar doctor. kalai en kaiyil koduthargal. alamariyil vaithulen. ni vara vendam.

அப்பா கோர்ட்டில் வாசிப்பது போல உரக்க வாசித்தார். "இடது பக்கம் கல் எடுத்தாச்சு. செரிதானே?"

"இடது பக்கம் கால் எடுத்தாச்சு" என்றான் அண்ணன்.

"வலது பக்கம் நல்லது. அந்தக் கிட்னி நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

"வலது கால் நல்லா இருக்குது."

"இனி வலி இல்லை."

"இனி வழி இல்லை."

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நடக்கக் கூடாது என்றார் டாக்டர். கல்லை என் கையில் கொடுத்தார்கள்."

"காலை என் கையில் கொடுத்தார்கள்."

"அலமாரியில் வைத்துள்ளேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். வார்டில் யாரோ ஒருவர் குபீரென்று சிரித்தார். விசைத்தறிக்காரர்தான். தொடையில் வலி தாங்காமல் "ஐயோ, ஐயோ" என்றுகொண்டே சிரித்தார். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, தையல் பிரிஞ்சுரும், நிறுத்துங்க" என்று கெஞ்சினாள்.

"ஏண்டா, எந்த ஊருலடா வெட்டுன காலை ஊட்டுக்குக் குடுத்தனுப்புவாங்க? அலமாரியில எப்படிடா வெப்பேன்?" என்றார் அப்பா.

"எனக்கும் அந்த வரிதானுங்க புரியல. அம்மா காலு போன துக்கத்துல உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன். அதுக்கும் சேத்துத்தான் அழுதுட்டே வந்தேன்."

அதைக் கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்ற மகனே பைத்தியம் என்று நினைத்தால் யாருக்குத்தான் வராது? "நான் எழுதுனது செரி. நீ படிச்சதுதான் தப்பு. மழையா மலையான்னு கேட்டவனுக்கு இதக் கேக்கறதுக்கென்ன?"

"கேக்கறதுக்குத்தானுங்க போன் பண்ணுனேன்! எதிர்வீட்டு அக்கா, நடக்கவே கூடாதாமான்னாங்க. நான் அப்பவே சொன்னேன், கல்லுக்கு ஒரு ஏ போடுங்க, காலுக்கு ரெண்டு ஏ போடுங்கன்னு. ஒரு எழுத்துங்கப்பா! ஒரு எழுத்து போட்டிருந்தா நான் பாட்டுக்கு அங்க வேலை பாத்துட்டு இருந்திருப்பேன்."

"செரி உடு" என்றாள் அம்மா. "அந்த ஒத்தை எழுத்தாலதான் எம் புள்ள வந்திருக்கறான். இன்னொரு எழுத்து போட்டிருந்தா வந்திருப்பானா?"

அம்மா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து மிச்ச இட்லியை ஊட்டிவிட்டாள். அவன் மென்றுகொண்டே விக்கி விக்கி அழுதான். முன்னே அழுத அழுகை வேறு, இது வேறு. நானும் அழுதேன். அப்பா ஜன்னல் பக்கம் போய் நின்று, ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஊன்றுகட்டைகளை விசைத்தறிக்காரருக்கே கொடுத்துவிட்டோம். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற பொத்தான் அதில் இருந்தது. அப்பாவே அளவு பார்த்து, பொத்தானை அமுக்கிப் பூட்டி, "இனி எந்திரிக்கறதுதான் பாக்கி உங்களுக்கு" என்றார். பல்லடத்துப் பக்கம் எங்கேயோ அமெரிக்க ஊன்றுகட்டையில் நடந்த ஒரே தறிக்காரர் அவராகத்தான் இருப்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு தொல்லை. எதிர்வீட்டு அக்காவின் வாய் வழியாகச் செய்தி உக்கடம் வரைக்கும் போயிருந்தது. உறவுக்காரர்கள் கால் போன துக்கம் கேட்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள். அம்மாவே எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வந்தவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. அவர்களுக்காக அப்பா அலமாரியிலிருந்து குப்பியை எடுத்துக்கொண்டு வந்து காட்டுவார். "இதுதானுங்க காலு. பாத்துக்குங்க."

அண்ணன் திரும்புவதற்கு முன்னால் ஒருநாள் அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் நெட்டுக்குப் போனோம். பூத்துக்காரர் அண்ணனைக் கண்டதும் எழுந்து, "நெட்டு டல்லானதுக்கு நானென்னங்க பண்ணுவேன்" என்று, யாரும் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார். அப்பா தன் மெயில் பெட்டியைத் திறந்தார். அண்ணன் பிளேன் ஏறுமுன் அனுப்பிய மெயில், யாரும் படிக்காமல், அங்கே கிடந்தது.

அண்ணன், "அதைப் படிக்காதீங்கப்பா, டெலீட் பண்ணீருங்க" என்று கையை நீட்டினான். அப்பா அவன் கையைத் தட்டிவிட்டார்.

amma alathinga. nan varen. appa ningalum alathinga. nan irukken.

அவ்வளவுதான். ழ-வுக்கு இசட் இல்லை, ஹெச் இல்லை. எந்த நெடிலுக்கும் ரெண்டாவது எழுத்து இல்லை. அவசரத்தில் அவனும் அப்பா மாதிரியே அடித்திருந்தான். இதைச் சொல்லிக் காட்ட அப்பாவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நான் காத்திருந்தேன். அப்பா திரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பூத்துக்காரர் திரைச்சீலையை விலக்கி, "நேரம் ஆச்சுங்க" என்றபோது, "இருங்க, படிச்சுட்டிருக்கறேன்" என்றார். நாலு வாக்கியத்தை.

அதற்குப் பிறகு அப்பா திருந்தினார் என்று சொல்ல முடியாது. திசை மாறினார். கால் என்று எழுதுவதற்கு ஏ பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். வரி முழுக்க ஏ ஓடி, கடைசியில் ஒரு எல் நிற்கும். அதைப் படித்தால் கால் எடுக்கிற ஆபரேஷனில் மயக்கமருந்து கொடுக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கும். அண்ணன் எதுவும் திருத்தவில்லை. எங்கள் வீட்டில், அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு ஆட்டம் போடுகிறவர்களுக்கு 'காலை எடுத்துப்போட்டான்' என்று சொல்வது வழக்கமாயிற்று. பால்காரர் கணக்கில் குழப்பினால், "ஏனுங்க, காலை எடுத்துப்போட்டீங்களா?" என்று அம்மா கேட்பாள். அவர் தன் காலைப் பார்த்துக்கொள்வார்.

உண்மையான சிக்கல் அண்ணனுக்குத்தான். அம்மாவுக்குக் காலை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லித்தான் அங்கே லீவு வாங்கியிருந்தான். அவனுடைய மேலதிகாரி ஒரு அமெரிக்கப் பெண்மணி. அவர் கண்ணீர் விட்டு, பிளேன் டிக்கெட்டுக்குத் தானே அலைந்து ஏற்பாடு செய்து, கட்டிப்பிடித்து அனுப்பி வைத்தாராம். திரும்பிப் போய் அவரிடம், அது காலில்லை, கல், எங்கள் ஊரில் இரண்டுக்கும் அப்பா ஒரே எழுத்துத்தான் போடுவார் என்று விளக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. லீவுக்காகப் புளுகினான் என்று நினைத்துவிட்டால்? "அம்மா தேறிட்டாங்க" என்று மட்டும் சொன்னான். அதனால் அமெரிக்காவில் எங்கம்மாவுக்கு ஒரு கால்தான்.

அந்த டிசம்பரில் ஒரு பார்சல் வந்தது. அமெரிக்காவிலிருந்து. அண்ணன் அனுப்பியதில்லை, அந்த மேலதிகாரிப் பெண்மணி அனுப்பியது. உள்ளே ஒரு வாழ்த்து அட்டை, ஒரு சாக்லேட் டப்பா, அப்புறம் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பளி நூலில் கையால் பின்னிய சாக்ஸ். ஒன்று.

அம்மா பார்சலைக் கவிழ்த்து உதறினாள். "இன்னொன்னு எங்க அம்மணி? வழியில எவனோ எடுத்துப்போட்டானாட்ட இருக்குது."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. சாக்ஸைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "எம் புள்ளையோட ஆபீஸ்காரி, என்னைய ஒரு நாளும் பாத்ததில்ல, ஒக்காந்து பின்னியிருக்கறா பாரு" என்றாள். அப்புறம் வலது காலை நீட்டி மாட்டிக்கொண்டாள். சரியாகப் பொருந்தியது. மார்கழிக் குளிருக்கு நன்றாகத்தான் இருந்தது.

"நன்றின்னு எழுதோணுமல்ல?" என்றார் அப்பா, உற்சாகமாகச் செருப்பை மாட்டிக்கொண்டே.

"நீங்க ஒன்னும் எழுத வேண்டாம்" என்று அம்மாவும் நானும் ஒரே குரலில் சொன்னோம். கடைசியில் நான்தான் போனேன். என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, வாசலில் வெயிலில் உட்கார்ந்து, ஒரு காலில் சாக்ஸும், மறு கால் வெறுங்காலுமாக, அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"காலு நல்லாருக்குதுன்னு எழுது."

"எந்தக் காலுங்கம்மா?"

"இருக்கற காலுதான்."